மைதாவை நிறுத்தினால் போதுமா?



மலேசியாவின் கேரி தீவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டுக்காரருக்கு குளூட்டனும் ஆகாது, ஸ்டார்ச்சும் ஆகாது என்று டயட்டீஷியன் சொல்லிவிட்டார். இனி நான் என்னதான் சமைப்பது?"

கோதுமையில் இருக்கும் குளூட்டனை விடுவது நமக்குப் பெரிய பாடில்லை. ரொட்டி சானாய், பூரி, ரவை, சேமியா போனாலும் இட்லி, புட்டு, இடியாப்பம் இருக்கின்றன. பெருங்காயத் தூளையும் சோயா சாஸையும் மட்டும் லேபிள் பார்த்து வாங்குங்கள். பலவற்றில் கோதுமை கலந்திருக்கும்.

ஸ்டார்ச் அப்படியா? சோறு, இட்லி, பருப்பு, உருளைக்கிழங்கு, மரவள்ளி, ஜவ்வரிசி எல்லாமே மாவுச்சத்துதான். சூப்பர்மார்க்கெட்டில் விலை கூடிய 'குளூட்டன் ஃப்ரீ' பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: அரிசி மாவு, மரவள்ளி மாவு, சோள மாவு! கோதுமையை எடுத்த இடத்தில் வேறு ஸ்டார்ச்சைப் போடுகிறார்கள். மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023 தேசிய சுகாதார ஆய்வு. அவர்கள் இந்த பிஸ்கட்டை நம்பிச் சாப்பிடலாமா?

அப்புறம் என்ன மிச்சம்? கேரி தீவில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா அம்மா? நண்டு, மீன், முட்டை, தேங்காய், முருங்கைக்கீரை எல்லாம் பக்கத்திலேயே கிடைக்குமே! நண்டுக் கறிக்கு மட்டும் தனி மசாலா அரையுங்கள். நம் வீட்டு மசாலாவில் அரிசியும் பருப்பும் வறுத்துச் சேர்ப்பது வழக்கம். மல்லி, மிளகாய், மிளகு, சீரகம் போதும். கெட்டித் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி இறக்கினால் குழம்பு தானாகவே திக்காகும். சோற்றுக்குப் பதில் காலிஃபிளவரைத் துருவி, நீரைப் பிழிந்து, மூடாமல் வதக்குங்கள். மூடினால் குழைந்துவிடும்.

கேக் வேண்டுமா? பாதாம் தூள், முட்டை, வெண்ணெய், கொஞ்சம் தேன். பேக்கிங் பவுடர் வேண்டாம், அதில் பெரும்பாலும் சோள மாவு இருக்கும். ஐசிங் சீனியும் அப்படித்தான். பேக்கிங் சோடாவும் எலுமிச்சைச் சாறும் போதும். பாதாம் சீக்கிரம் கருகும் என்பதால் 160 டிகிரியைத் தாண்டாதீர்கள். பாதாமுக்குப் பதில் தேங்காய் மாவை அதே அளவுக்குப் போட்டுவிடாதீர்கள். அது ஈரத்தையெல்லாம் குடித்துவிடும்.

சந்தேகமான பொருளில் ஒரு துண்டு எடுத்து, மருந்துக்கடை அயோடினை ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமானால் ஸ்டார்ச் இருக்கிறது. அந்தத் துண்டைக் குப்பையில் போடுங்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். முதுகெலும்பு இறுகும் ஒருவகை வாதத்துக்குச் சிலர் ஸ்டார்ச் இல்லாமல் சாப்பிடுகிறார்கள். அதற்கு வலுவான ஆதாரம் இன்னும் இல்லை. ஒருவருக்காக வீட்டுப் பிள்ளைகளின் தட்டிலிருந்தும் சோற்றை எடுத்துவிடாதீர்கள்.

வீட்டில் யாருக்காவது கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால், அதை நிறுத்தும் முன்பே டாக்டரிடம் போய், குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்திய பிறகு எடுத்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று வரக்கூடும்.