கிணற்றுக்குள் ஒரு வரலாறு

(முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு மாணவர்)

"வறுமையும் வேலையின்மையும் வாசலில் நிற்கும்போது மாயக் கதை எதற்கு?" என்று கேட்கும் நண்பர்கள் நம் விடுதியில் உண்டு. அவர்கள் கேள்வியை நான் எள்ளி ஒதுக்கவில்லை. இலக்கியம் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்னும் கட்சியைச் சேர்ந்தவன்தான் நானும். ஆனால் நீண்டதொரு ஜப்பானிய நாவலைப் படித்து முடித்தபின், மாயம் என்றாலே வாழ்வினின்றும் தப்பி ஓடுவது என்ற என் பழைய முடிவை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அதற்கான காரணங்களை மாணவத் தோழர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

ஹாருகி முரகாமி 1949ஆம் ஆண்டு கியோட்டோவில் பிறந்தவர். 'சாவி கொடுக்கும் பறவையின் வரலாறு' என்று நாம் தமிழில் சொல்லத்தக்க அவருடைய நாவலின் முதலிரண்டு பாகங்கள் 1994இலும், மூன்றாம் பாகம் 1995இலும் வெளிவந்தன. ஆங்கிலத்தில் ஏறத்தாழ 600 பக்கங்கள். இத்தனை பக்கங்களில் அப்படி என்னதான் நடக்கிறது?

கதையின் தொடக்கம் மிக எளியது. ஆண்டு 1984. டோக்கியோ நகரின் செதகாயா பகுதியில் தோரு ஒகாதா என்ற இளைஞன் வழக்கறிஞர் அலுவலக வேலையை விட்டுவிட்டு வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறான். மனைவி குமிகோ வேலைக்குப் போகிறாள். முதலில் அவர்கள் வளர்த்த பூனை காணாமற் போகிறது. பின்னர் ஒரு நாள் மனைவியே வீடு திரும்பவில்லை. பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் எங்கோ ஒரு பறவை ஒலி எழுப்புகிறது. அதைக் கண்டவர் எவருமில்லை. வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஆளில்லாத ஒரு வீடு. அவ்வீட்டில் ஒரு வறண்ட கிணறு. ஒகாதா அதனுள் இறங்கி இருளில் அமர்கிறான். கிணற்றின் சுவரைக் கடந்து வேறோர் உலகத்து விடுதி அறைக்குள் நுழைகிறான். திரும்பி வரும்போது அவன் கன்னத்தில் நீலக்கறை ஒன்று படிந்திருக்கிறது.

இவ்வளவோடு நின்றிருந்தால் நண்பர்களின் குற்றச்சாட்டுக்கு நானும் கையொப்பமிட்டிருப்பேன். ஆனால் அந்தக் கிணறு டோக்கியோவோடு முடியவில்லை. அதன் அடி மஞ்சூரியாவில் இருக்கிறது!

மஞ்சூரியாவின் நிழல்

வரலாற்று மாணவர்கள் அறிவார்கள்: ஜப்பானியப் படை 1931இல் மஞ்சூரியாவைக் கைப்பற்றியது, மறு ஆண்டே மஞ்சுகோ என்னும் பொம்மை அரசை நிறுவியது. அதன் மங்கோலிய எல்லையில் நோமொன்ஹான் என்ற இடத்தில் 1939ஆம் ஆண்டு பெரும்போர் மூண்டது. சோவியத், மங்கோலியப் படைகளிடம் ஜப்பானியப் படை படுதோல்வி அடைந்தது. ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அத்தோல்வியைப் படைத்தலைமை தன் மக்களிடமிருந்து மறைத்தது.

நாவலில் மாமியா என்ற முதிய படை அதிகாரி ஒகாதாவைத் தேடி வருகிறார். 1938இல் எல்லை தாண்டி உளவு பார்க்கச் சென்றபோது தம் கண்ணெதிரே ஒரு மனிதன் உயிரோடு தோலுரிக்கப்பட்டதையும், பாலைநிலத்தின் வறண்ட கிணறு ஒன்றில் தாம் சாகக் கிடந்ததையும் சொல்கிறார். அந்தக் கதையைக் கேட்ட பிறகே ஒகாதா கிணற்றில் இறங்குகிறான்.

பிற்பகுதியில் இன்னொரு காட்சி வருகிறது. 1945 ஆகஸ்டு. மஞ்சுகோவின் தலைநகரான சின்கிங்கின் விலங்குக் காட்சிசாலை. சோவியத் படை நெருங்குகிறது. புலிகளையும் சிறுத்தைகளையும் ஜப்பானிய வீரர்கள் சுட்டுக் கொல்கின்றனர். பின்னர் தப்பியோட முயன்ற சீன இளைஞர்கள் சிலரைக் கொண்டுவருகின்றனர். அவர்களில் ஒருவனைப் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொல்லும்படி இளம் சிப்பாய் ஒருவனுக்கு ஆணையிடப்படுகிறது. மட்டையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதுகூட அச்சிப்பாய்க்குத் தெரியாது, அதிகாரி கற்றுக்கொடுக்கிறார். அங்கே நின்று பார்க்கும் கால்நடை மருத்துவரின் கன்னத்திலும் ஒரு நீலக்கறை. அந்த நேரத்திலும் மரத்தில் அதே பறவை ஒலிக்கிறது.

என் கட்சி இங்கேதான் பிறக்கிறது. இக்காட்சியை ஒகாதாவுக்குச் சொல்பவள் மருத்துவரின் மகள். அவள் அதை நேரில் கண்டவள் அல்லள். கொலை நடந்த நேரத்தில் கடலில் கப்பலில் இருந்த சிறுமி. அவளிடமிருந்து பேச்சற்ற அவள் மகனுக்கும், அவன் எழுத்திலிருந்து ஒகாதாவுக்கும் கதை இறங்கி வருகிறது. பார்க்காதவர்களும், அன்று பிறந்தேயிராதவர்களும் அந்தக் கொலைக்கு வாரிசுகள் ஆகிறார்கள். இதை நேர்க்கதையாகச் சொல்ல எந்த வழி உண்டு? பத்திரிகைச் செய்தி நடந்ததைச் சொல்லும். பாடநூல் ஆண்டைச் சொல்லும். செய்யாத குற்றத்தின் கறை ஒருவன் கன்னத்தில் ஏறுவதை மாயத்தால்தான் சொல்ல முடிகிறது. இது தப்பி ஓடும் எழுத்தன்று. ஓடிப்போனவனைக் கையைப் பிடித்து இழுத்து வரும் எழுத்து.

இதற்கு ஒரு பிற்சான்றும் உண்டு. நாவல் வந்து கால் நூற்றாண்டு சென்று, 2019இல், முரகாமி தம் தந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சீனப் போரில் பணியாற்றிய தந்தை, தம் படைப்பிரிவு ஒரு சீனக் கைதியை வாளால் கொன்றதைச் சிறுவனாயிருந்த மகனிடம் ஒருமுறை சொன்னாராம். தந்தை அங்கே வெறுமனே நின்றாரா, அதில் பங்குகொண்டாரா என்பது மகனுக்குத் தெரியவில்லை. அதைப் படித்தபின் காட்சிசாலை அத்தியாயத்தை எவரால் வெறும் கற்பனை என்று தள்ள முடியும்?

குறைகளும் உண்டு

நாவல் முழுவதையும் நான் போற்றவில்லை. பெண் பாத்திரங்களுள் சிலர் கதைக்குத் தேவைப்படும் வரை வந்து, பின்பு காரணமின்றி மறைந்துவிடுகின்றனர். குமிகோவின் துயரத்தை அவள் வாயாலேயே இன்னும் கேட்டிருக்கலாம். பல முடிச்சுகள் அவிழாமலே நிற்கின்றன.

இவற்றினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. குமிகோவின் அண்ணன் நொபொரு வதாயா, தொலைக்காட்சியில் சாதுரியமாகப் பேசியே அரசியலில் உயர்கிறவன். தீமை அனைத்தும் அவன்மேல் ஏற்றப்படுகிறதே. ஒரு தேசத்தின் பழியை ஒரு மனிதன் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் விலகிக்கொள்ளலாமா? நானும் அப்படித்தான் முதலில் எண்ணினேன். ஆனால் ஆசிரியர் இரண்டு செய்திகளை வைத்திருக்கிறார். வதாயாவின் தொகுதி, மஞ்சூரிய விவகாரங்களில் தொடர்பு கொண்டிருந்த படை அதிகாரியாகிய அவன் தந்தையின் உடன்பிறந்தவரிடமிருந்து வந்தது. அதாவது அவன் தனிமரம் அல்லன். அடுத்து, வதாயாவை எதிர்க்க ஒகாதா கையில் எடுப்பதும் ஒரு பேஸ்பால் மட்டைதான். நல்லவன் கையும் அந்த வன்முறையைத் தொடாமல் தப்பவில்லை. இந்த நேர்மை எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

முரகாமி நாட்டின் பிரச்சினைகளை எதிர்கொள்ளாதவர் என்று ஒரு காலத்தில் கடிந்தவர்களுள், 1994இல் நோபல் பரிசு பெற்ற கென்சாபுரோ ஒயே முதன்மையானவர். நம் விடுதி நண்பர்களின் கட்சி என்றே சொல்லலாம். அதே ஒயே, இந்நாவல் யோமியூரி இலக்கியப் பரிசு பெற்றபோது அதைப் பாராட்டி வரவேற்றார். மாறுபட்ட கருத்தை மாற்றிக்கொள்வது பெரியோர்க்கு இழுக்கன்று.

படிக்க விரும்புவோர்க்கு ஒரு சொல். ஜே ரூபின் செய்து 1997இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில், பதிப்பகத்தார் நீளத்துக்கு வரம்பு வைத்ததால், சில அத்தியாயங்கள் நீக்கப்பட்டும் வரிசை மாற்றப்பட்டும் உள்ளன. மறதியை எதிர்த்து எழுதிய நூலே கடல் தாண்டும்போது தன் பக்கங்களில் சிலவற்றை இழக்க நேர்ந்தது ஒரு முரண்தான். நீளம் இங்கே வீண் ஆடம்பரம் அன்று. ஆழ்ந்த கிணற்றுக்கு நீண்ட கயிறு வேண்டும்.

வரலாறு படிக்கும் நமக்கு ஆண்டுகளும் உடன்படிக்கைகளும் மனப்பாடம். தேர்வு முடிந்ததும் அவை உதிர்ந்துவிடுகின்றன. உதிராமல் நிற்பது எது? பயிற்சியில்லாத கைகளில் திணிக்கப்பட்ட அந்த மட்டையை என்னால் மறக்க இயலவில்லை. "அப்போது நான் பிறக்கவே இல்லையே" என்று சொல்லித் தப்பும் உரிமை எந்தத் தலைமுறைக்கும் இல்லை என்பதை, ஒரு காணாமற் போன பூனையில் தொடங்கி எனக்கு உணர்த்திய நூல் இது. மாயக் கதை எதற்கு என்று இனி நண்பர்கள் கேட்டால், நூலகத்திலிருந்து இதை எடுத்து வந்து அவர்கள் கையில் கொடுப்பேன். படித்துவிட்டு வந்து என்னோடு சண்டையிடட்டும், மகிழ்ச்சியோடு காத்திருப்பேன்.