‘கேன்’ என்பதும் ‘மே’ என்பதும்

நம் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதும்போது இடறி விழுகிற இடங்களில் ஒன்று, ‘கேன்’, ‘மே’ என்னும் இரண்டு சின்னஞ்சிறு துணை வினைகள். பெரிய வார்த்தைகளை அகராதியைப் புரட்டித் தெரிந்துகொண்டு விடலாம். இந்தச் சிறிய வார்த்தைகளிடந்தான் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்.

முதலில் ‘கேன்’. ஒரு பெண்ணுக்கு வீணை வாசிக்கத் தெரியும். ஆனால் இன்று விரலில் காயம், ஆகையால் வாசிக்க முடியாது. தமிழில் ‘தெரியும்’ என்றும் ‘முடியும்’ என்றும் நாம் பிரித்துச் சொல்வதை ஆங்கிலேயர் ‘கேன்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு ‘அறிதல்’ என்றே பொருள். அறிந்தவனால் முடியும் என்று பிற்காலத்தில் அப்பொருள் விரிந்தது.

‘மே’ என்பதோ நம்முடைய ‘லாம்’ விகுதிக்கு நெருங்கிய உறவு கொண்டாடக் கூடியது. ‘நீ போகலாம்’ என்றால் அனுமதி. ‘மழை வரலாம்’ என்றால் சாத்தியம். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘மே’தான். இன்னோர் ஒற்றுமையும் உண்டு. நான் வரலாம், அவன் வரலாம், அவர்கள் வரலாம் என்று யாருக்கும் நாம் விகுதியை மாற்றுவதில்லை அல்லவா? ‘கேன்’, ‘மே’ இரண்டும் அப்படியே. ‘ஹீ கேன்ஸ் டு ஸிங்’ என்று எழுதும் பையனிடம், “அவன் வரலாமான் என்று தமிழில் சொல்லுவாயா, அப்பா?” என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே ‘ஹீ கேன் ஸிங்’ என்று திருத்தி விடுவான்.

எதிர்மறையில்தான் இரண்டும் அடியோடு பிரிகின்றன. ஒரு செய்தியைக் கேட்டு, ‘இட் மே நாட் பி ட்ரூ’ என்றால், அது உண்மையில்லாமலும் இருக்கலாம் என்று பொருள். ‘இட் கேனாட் பி ட்ரூ’ என்றால், அது உண்மையாயிருக்கவே முடியாது என்று பொருள். முன்னது கதவை ஒருக்களித்து வைக்கிறது. பின்னது சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறது.

இதில் தவறினால் பரீட்சையில் ஒரு மார்க்குத்தானே போகும் என்று எண்ண வேண்டாம். நம் தேசமே இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. 1858-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி, விக்டோரியா மகாராணியாரின் பிரகடனத்தை லார்டு கானிங் அலகாபாத்தில் வாசித்தார். ஜாதி, மத வித்தியாசமின்றித் தகுதியுள்ள பிரஜைகளுக்குச் சர்க்கார் உத்தியோகங்கள் கிடைக்கும் என்று அதில் வாக்களித்திருந்தது. ஜனங்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த வாக்கியத்தின் நடுவில் ‘கூடுமான வரையில்’ என்று பொருள்படும் ஒரு தொடர் உட்கார்ந்திருந்தது. அதன் உயிர்நாடி ‘மே’ என்ற சொல்.

கூடுமா, கூடாதா என்று தீர்மானிக்கிறவர் யார்? ஸிவில் ஸர்வீஸ் பரீட்சை லண்டனில் மட்டும் நடந்தது. 1876-ல் அதற்கு வயது வரம்பை 21-லிருந்து 19-ஆகக் குறைக்கத் தீர்மானித்தார்கள். கடல் கடந்து போய், அந்த வயதிற்குள் அந்நிய பாஷையில் தேற எத்தனை இந்தியப் பிள்ளைகளுக்கு இயலும்? 1878-ல் ராஜப்பிரதிநிதி லார்டு லிட்டன் அந்தரங்கமாக எழுதிய குறிப்பில் மனம் திறந்தார். உயர்ந்த உத்தியோகங்களைப் பற்றி இந்தியர் கொண்ட எதிர்பார்ப்புகள் ஒருநாளும் நிறைவேற முடியாதவை என்று அவர் ஒப்புக்கொண்டார். அங்கே அவர் உபயோகித்த சொல் ‘மே’ அல்ல, ‘கேன்’! ஊரறியச் சொன்னது ‘கூடுமான வரையில்’. உள்ளே எழுதிக்கொண்டது ‘முடியாது’. அந்தப் பரீட்சை இந்தியாவிலும் நடக்கத் தொடங்கியது 1922-லேதான்.

ஆகவே, ஆங்கிலத்தில் எழுதிய ஒப்பந்தமோ உத்தரவோ கைக்கு வந்தால், கையெழுத்திடுமுன் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘ஷால்’ என்றிருந்தால் பெரும்பாலும் கட்டாயம். ‘மே’ என்றிருந்தால் பெரும்பாலும் கொடுப்பவர் இஷ்டம். இதைப் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லிக்கொடுங்கள். ‘லாம்’ என்று கேட்டவுடனே ‘ஆம்’ என்று எண்ணிவிடும் சுபாவம் நமக்கு இனியும் வேண்டாம்.