விட்டு விட்டுப் போட்ட கோடு

பழைய உறையூர் இன்று மிச்சமிருப்பது பெரும்பாலும் தாளில்தான். சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை அங்கே தோண்டியது. தலைமை டி. வி. மகாலிங்கம். கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள், ரௌலட்டட் ஓடுகள், தமிழி எழுத்து கீறிய ஓடுகள், சாயத்தொட்டியாக இருக்கலாம் என்று சொல்லப்படுகிற ஒரு செங்கல் தொட்டி. அறிக்கை நூலாக வந்தது 1988இல். அதற்குள் ஊர் வளர்ந்துவிட்டது. இன்றைக்கு உறையூர் போய் குழி எங்கே என்று கேட்டால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். வீடு, கடை, பஸ், சாக்கடை, அதற்குக் கீழே சோழன்.

தோண்டுவது என்றால் அழிப்பது. மேல் மண்ணை எடுக்காமல் கீழ் மண்ணைப் பார்க்க முடியாது, எடுத்த மண்ணைத் திரும்ப அதே மாதிரி அடுக்கவும் முடியாது. காவிரிக்கு வடக்கே நான் குடியிருக்கிற ஸ்ரீரங்கத்தில் நிலைமை வேறு. ரங்கநாதர் கோயிலில் அறுநூறுக்கும் மேலே கல்வெட்டுகள். மைப்படி சரியாக வரவில்லையா, நாளைக்குத் திரும்ப வந்து இன்னொன்று எடுக்கலாம், கல் அங்கேயேதான் இருக்கும். உறையூர்க் குழிக்கு நாளை கிடையாது. அன்றைக்கு அந்தக் குழிக்குள் உட்கார்ந்து ஒருவர் தாளில் என்ன வரைந்தாரோ, அதுதான் இனி அந்த இடம்.

அந்த ஒருவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? உறையூர் வேண்டாம், கீழடி வரைவாளர் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள். சங்க இலக்கியம் பற்றி வாரம் ஒரு இழை போடுகிற நண்பர்கள் யாராவது சொல்லுங்கள்.

சொல்ல மாட்டோம். நமக்கு முகம்தான் வேண்டும். கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து 2025இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபேஸ் லேபும் முகம் செய்து காட்டின. மரியாதைக்குரிய வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் எலும்பு தோலின் நிறத்தைச் சொல்லாது. நாம் சண்டை போட்டதோ பாதிக்கு மேல் நிறத்தைப் பற்றி. பின்னாலேயே ஏஐ படங்கள் வந்தன: கீழடித் தெரு, கீழடிச் சந்தை, கீழடி அழகி. எல்லோர் கழுத்திலும் முத்து, எல்லாச் சுவரிலும் சாயங்காலத்து வெயில். ஒரு குழியில் பத்து நாள் முதுகு வளைந்து எடுத்த தகவலில் ஒரு துளிகூட அதில் இல்லை. எத்தனை லைக்!

என் தொழில் மென்பொருள். ஆகவே "மச்சி, ட்ரோன் இருக்கு, 3டி ஸ்கேன் இருக்கு, எதுக்குடா இன்னும் பென்சில்?" என்கிற கேள்வியை என்னிடம்தான் கேட்கிறார்கள். ஸ்கேன் வேண்டும்தான். அளவுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது, எதையும் முடிவு செய்வதில்லை. குழியின் சுவரைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, ஈரம் காய்வதற்குள் பார்த்தால்தான் இந்த மண் வேறு அந்த மண் வேறு என்று தெரியும். வெயில் ஏறினால் எல்லாம் ஒரே பழுப்பு. அந்த நேரத்தில், இதோ இங்கே ஒரு தரை முடிந்து மேலே சாம்பல் விழுந்திருக்கிறது என்று ஒரு மனிதர் கோடு போட வேண்டும். நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் முழுக்கோடு. சந்தேகம் இருக்கிற இடத்தில் விட்டு விட்டு, புள்ளிக்கோடு. கேமராவுக்கு இப்படி ஒரு கோடு கிடையாது. ஏஐ படத்துக்குச் சுத்தமாகக் கிடையாது. அது சந்தேகத்தையும் பளபளவென்று தீட்டிக் கொடுத்துவிடும்.

பானையும் அப்படித்தான். கையில் இருப்பது உள்ளங்கை அகல விளிம்புத் துண்டு. அதைச் சரியான சாய்வில் நிறுத்தி, ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் போட்ட தாளின்மேல் நகர்த்தி, எந்த வட்டத்தோடு பொருந்துகிறது என்று பார்த்தால் வாயின் விட்டம் கிடைக்கும். நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. அதற்கு இடப்பக்கம் வெட்டுமுகம், சுவரின் தடிமனோடு. வலப்பக்கம் வெளித்தோற்றம். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் அரியர் வைத்தவனுக்கும் புரியும், இது ஹாஃப் செக்‌ஷன். இப்படி வரைந்தால்தான் உறையூர் விளிம்பையும் அரிக்கமேட்டு விளிம்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். இரண்டு அழகான புகைப்படங்களை வைத்துக்கொண்டு அதைச் செய்யப் பாருங்கள்.

அரிக்கமேடு என்றதும் மார்ட்டிமர் வீலர். 1945இல் தோண்டி, அடுத்த ஆண்டே குழிச்சுவர் வரைபடங்களோடு வெளியிட்டார். ரோமானியத் தொடர்பால்தான் அந்த ஊரே எழுந்தது என்கிற தொனி அதில் இருந்தது. 1983இல் விமலா பெக்லி அவர் பதிப்பித்த சான்றுகளையே மறுபடி வாசித்து, ஊர் அவர் சொன்னதைவிடப் பழையது என்று வாதிட்டார். 1989 முதல் 1992 வரை அங்கே போய்த் தோண்டவும் செய்தார். கவனியுங்கள்: வீலரை மறுக்கத் தேவையானதை வீலரே வரைந்து வைத்திருந்தார். நம்மிடம் இருப்பது ஏஐ அழகி மட்டும் என்றால் நாளைக்கு யார் எதை வைத்து யாரை மறுப்பது?

இதில் அரசியல் இல்லையா, இருக்கிறது. அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்கக் கீழடி அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார். 2025 மே மாதம் தொல்லியல் துறை திருத்தம் கேட்டு எழுதியது. காலக்கணிப்பு பற்றிய கேள்விதான் தலைப்புச் செய்தியானது. வரைபடங்களைப் பற்றியும் அதில் கேட்டிருந்தார்கள் என்பதை யாரும் பேசவில்லை. இரண்டு ஆண்டுக்கும் மேல் கழித்துக் கேட்ட விதத்தில் எனக்கு நல்லெண்ணம் தெரியவில்லை. ஆனால் நம் பக்கத்து ஆட்கள் "எங்கே, அந்த வரைபடங்களைப் பொதுவில் வையுங்கள், நாங்களே பார்க்கிறோம்" என்று ஏன் கேட்கவில்லை? எட்டாயிரம் மீம் போடத் தெரிந்த நமக்கு ஒரு குழிச்சுவர்ப் படத்தை வாசிக்கத் தெரியாது. அதனால் கேட்கவில்லை.

துட்டன்காமன் கல்லறையை 1922இல் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் பதினேழு வயதில் எகிப்துக்குப் போனது சுவரோவியங்களைப் படியெடுக்கும் ஓவியனாக. அங்கே வரைபவன் தோண்டுபவனாக முடிந்தது. இங்கே சிற்பியை நமக்குத் தெரியும், விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்தவர். கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து வரைந்தார், கையெழுத்துப் போட்டார், வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தார். குழியில் வரைபவருக்கு அந்தக் கையெழுத்து இல்லை. பெரும்பாலும் நூலின் நன்றியுரைப் பட்டியலில் ஒரு வரி, காற்புள்ளிகளுக்கு நடுவில்.

திருச்சிக்குப் பக்கத்தில் புதுக்கோட்டை, அங்கே பொற்பனைக்கோட்டை. மாநிலத் தொல்லியல் துறை 2023இல் அங்கே தோண்டத் தொடங்கியது. அந்தப் பக்கம் கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி. இரண்டும் ஒரே அரசுடையவை. ஒவ்வொரு பருவத்துக்கும் அங்கிருந்து நான்கு மாணவர்களை, மரியாதையான சம்பளத்தோடு, குழிக்கு அனுப்பட்டும். துறை வரைவாளர் அளவு கற்றுக்கொடுக்கட்டும், பிள்ளைகள் மண்ணின் நிறத்தைத் தீட்டட்டும், வேலை செய்கிறவர்களையும் வரையட்டும், கூடை தூக்கும் பெண்கள் உட்பட. ஒவ்வொரு தாளின் கீழ் வலது மூலையிலும் வரைந்தவர் பெயரும் தேதியும் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போடட்டும். அந்தச் செர்வர் வேலையைச் செய்ய எங்களைப் போல ஊரில் நூறு பேர் இருக்கிறோம், சனி ஞாயிறு சும்மாதான் இருக்கிறோம்.