கழிவுக் கூடைக்குப் போகும் குருதி மாதிரிகள்

கியூடெங்கா என்ற டெங்குத் தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2024 மே மாதம் முன்தகுதி வழங்கியதிலிருந்து, இலங்கைக்கு அது எப்போது வரும் என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தடுப்பூசியை வரவேற்கிறோம். ஆனால் எந்த மாவட்டத்தில் டெங்கு வைரசின் எந்த வகை (செரோடைப்) பரவுகிறது என்று அறியாமல் அதைத் தொடங்குவதை ஏற்க மாட்டோம். முன்பு டெங்கு கண்டிராத பிள்ளைகளை டென்-3இலிருந்து அது காப்பதாகப் பரிசோதனைகள் காட்டவில்லை. டென்-4க்குத் தரவே போதாது. ஊசி போட்ட பிள்ளையின் ஐஜிஎம் எதிர்ப்பொருள் பரிசோதனை முடிவும் சில காலம் குழப்பம் தரும். பரவலின் ஊற்றைத் தேட பீசிஆரும் மரபணு வரிசையும்தான் மிஞ்சும். இரண்டுக்கும் மாதிரி வேண்டும்.

மாதிரியின் மதிப்பை நம் வரலாறே காட்டுகிறது. 1980களிலும் நான்கு செரோடைப்புகளும் இங்கே இருந்தன, டெங்கு இரத்தக்கசிவுக் காய்ச்சல் (டிஎச்எஃப்) மட்டும் அரிது. 1989இல் நிலைமை மாறியது. நுளம்பு பெருகிவிட்டது என்று சொல்லிக் கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் அந்தக் காலத்து டென்-3 வைரசுகளை யாரோ பேணி வைத்திருந்தார்கள். அவற்றைப் பின்னாளில் வரிசைப்படுத்தியபோதுதான் துணைவகை III-இன் ஏ குழு மறைந்து பி குழு அந்த இடத்தைப் பிடித்தது வெளிச்சமானது. அதே துணைவகை கிழக்கு ஆபிரிக்காவிலும், 1994இல் நிக்கராகுவா, பனாமாவிலும் தலைகாட்டிய தடத்தை 2003இல் வெளியான ஆய்வு தொடர்ந்து காட்டியது.

இன்று அப்படித் தேட நம்மிடம் என்ன இருக்கிறது? எச்-544 அறிவித்தல் படிவம் நோயாளியின் முகவரியைத் தரும், எச்-411 கள விசாரணைப் படிவம் வீட்டுச் சுற்றாடலைச் சொல்லும். வைரசு வந்த வழியை இரண்டும் சொல்லா. டெங்குவைக் கண்டறியும் என்எஸ்1 கருவியில் கோடு விழுந்ததும் பல ஆய்வுகூடங்களில் குழாய் கழிவுக் கூடைக்குப் போகிறது. 2017இல் டென்-2 எழுந்து 186,101 பேர் நோயுற்ற பிறகும் இதே நிலை. நுளம்பு பெருகும் வெற்றுச் சிரட்டைக்காக வீட்டுக்காரர் நீதிமன்றம் போகிறார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கூட்டத்துக்குக் கூட்டம் வசவு வாங்குகிறார். புகையடிக்க நிதி கிடைக்கிறது. மைனஸ் 80 பாகை உறைபெட்டி கேட்டால் மட்டும் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறார்கள். எத்தனை அடுத்த ஆண்டுகள்?

காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில் எடுத்த என்எஸ்1 பாசிட்டிவ் மாதிரிகளில் ஒரு பங்கை, மாவட்டப் பொது வைத்தியசாலைகள் வாரந்தோறும் குளிர்ச்சங்கிலி அறாமல் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பவேண்டும். அதற்கான சுற்றறிக்கையும் உறைபெட்டிக்கான நிதியும் தடுப்பூசிக் கேள்விப்பத்திரத்துக்கு முன்னால் வரட்டும்.