ஏழு நிமிடம்



எங்கள் வீட்டுக் குசினி ஜன்னலடியில் ஒரு பழைய ரேடியோ இருக்கிறது. அதன் ஏரியல் முறிந்து, நுனியில் கம்பி சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. பெட்டரி மூடி தொலைந்துபோய்ப் பல வருடம். றப்பர் வளையம்தான் பெட்டரியைப் பிடித்து வைத்திருக்கிறது. இந்த ரேடியோவைப் பற்றி எழுதினால் என் குற்றமொன்றையும் எழுதத்தான் வேண்டும்.

ரேடியோ என் மாமியுடையது. நான் மருமகளாக இந்த வீட்டுக்கு வந்த காலத்தில் அது புத்தம்புதிது. சஹர் நேரத்தில் முஸ்லிம் சேவையைக் கேட்டுக்கொண்டே மாமி சோறு வடிப்பார். நோன்பு திறக்கும் நேரத்தில் அதே ரேடியோவில்தான் மஃரிப் பாங்கு. இடைப்பட்ட நேரத்தில் வெள்ளை நூலில் தொப்பி பின்னுவார். பேரப்பிள்ளைகள் அத்தனை பேரின் தலையிலும் அவர் பின்னிய தொப்பி ஏறியிருக்கிறது.

1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஒழுங்கையில் டீவி இருந்த வீட்டுக்குள் ஆண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மஃரிபுக்குப் பள்ளிக்கு எழும்பிப் போய்விட்டு, தொழுத கையோடு ஓடிவந்தார்கள். மாமி மட்டும் குசினியில் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு சிங்கள வர்ணனை கேட்டார். ஆஸ்திரேலியாவின் 241 ஓட்டங்களை நம்மவர்கள் ஏழு விக்கெட்டால் தாண்டினார்கள். மூன்று விக்கெட்டும் எடுத்து, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டமும் அடித்த அரவிந்த டி சில்வாவுக்கு அன்றிரவு மாமி குசினியில் இருந்தே துஆச் செய்தார். "அந்தப் புள்ளைக்கு நல்ல ஆயுசைக் கொடு ரஹ்மானே" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதே வருடம் மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டினால் அரசாங்கம் கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திரும்ப எடுத்தது. மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை நம்மோடு இருந்தது. "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டே கல்யாண வீடுகளுக்குப் போன காலம் அது. மாமியின் அறைக் கடிகாரம் மட்டும் அசையவில்லை. "மனிசன் முள்ளைத் திருப்பலாம் மகள், சூரியனைத் திருப்பேலுமா?" என்றார். நான் அதைக் கிழவிப் பேச்சு என்று சிரித்துவிட்டேன். அந்தப் பேச்சின் கனம் 2024ஆம் ஆண்டு ரமழானில்தான் எனக்கு விளங்கியது.

அந்த ரமழானில் மாமிக்கு எழுபத்தெட்டு வயது. பிரஷர் இருக்கிறது. மருந்து நேரங்களை மாற்றி, டொக்டர் நோன்புக்கு அனுமதி கொடுத்திருந்தார். "இது எனக்குக் கடைசி ரமழானாகவும் ஈக்கலாம், ஒன்டையும் விடமாட்டேன்" என்று நிய்யத்தோடு இருந்தார். ரேடியோ தலை நோன்புக்கு முதலே நின்றுவிட்டது. பெட்டரி கசிந்து உள்ளே பச்சை பிடித்துக் கிடந்தது.

"மகள், ரேடியோவுக்கு ரெண்டு பெட்டரி வாங்கினா நல்லம்."

"நாளைக்கு வாங்குறேன் மாமி."

அடுத்த நாளும் கேட்டார். அடுத்த நாளும் அதே பதில். நாலாம் முறை கேட்டபோது, "ஏன் மாமி, பாங்கு, குர்ஆன், கிப்லா எல்லாம் என்ட போனில ஈக்கிதானே" என்று சொல்லி, ரேடியோவை அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்தேன். மாமி பிறகு கேட்கவில்லை. கடைக்குப் போகும்போதெல்லாம் சமோசாத் தாள் நினைவிருக்கும், ரோல்ஸுக்கு றஸ்க் தூள் நினைவிருக்கும், பெட்டரி மட்டும் மறந்துபோகும்.

இருபதாம் நோன்பு தாண்டிய ஒரு பின்னேரம். அஸருக்குப் பிறகு ஒழுங்கையில் டெனிஸ் பந்தில் கிரிக்கெட் விளையாடிய பையன்கள் மழைக்கு வீடுகளுக்குள் ஓடினார்கள். என் கடைசி மகனும் நனைந்த கோழியாக வந்து சேர்ந்தான். இடி, மின்னல், கரண்டும் போய்விட்டது. மெழுகுதிரி வெளிச்சத்தில் கஞ்சியைக் கோப்பைகளில் வார்த்தேன். தேங்காய்ப்பாலும் இரம்பையும் உள்ளியும் மணக்க எல்லாரும் பாயைச் சுற்றி உட்கார்ந்தோம்.

மற்ற நாட்களில் பள்ளிப் பாங்குதான் எங்களுக்குக் கணக்கு. போனின் சத்தத்தை அடைத்தே வைத்திருப்பேன். அன்று மழை இரைச்சலில் பள்ளிப் பாங்கு கேட்காதே என்று முதல் தடவையாகச் சத்தத்தைக் கூட்டி நடுவில் வைத்தேன். சற்று நேரத்தில் அழகான குரலில் பாங்கு ஒலித்தது.

"பள்ளியில கேக்கல்லியே மகள்" என்றார் மாமி.

"மழை மாமி. போன் பிழைக்காது, திறங்க" என்றேன் நான். பேரீச்சம்பழத்தை அவர் கையில் வைத்ததும் நான்தான்.

கஞ்சி அரைக் கோப்பை இறங்கியிருக்கும். மழை சற்று விட்டது. அப்போதுதான் பள்ளியிலிருந்து தெளிவாக வந்தது, "அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர்." யாரும் பேசவில்லை. மகன் போனை எடுத்துப் பார்த்தான். "உம்மா, இதில காத்தான்குடி நேரம் போட்டிருக்கு" என்றான்.

ஷஃபானில் என் ராத்தாவின் மகள் கல்யாணத்துக்குக் காத்தான்குடி போயிருந்தோம். அங்கே வைத்துத்தான் அந்தச் செயலியில் ஊரைத் தெரிவு செய்தோம். திரும்பிவந்து மாற்றவில்லை. இங்கே களுத்துறைக் கரையில் சூரியன் மறைய ஏறத்தாழ ஏழு நிமிடம் பிந்தும். பூமி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 24 மணித்தியாலம், அதாவது 1,440 நிமிடம். அதை 360 பாகையால் பிரித்தால் ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்குக் கரைக்கும் எங்கள் கரைக்கும் இடையே ஒன்றே முக்கால் பாகையளவு தூரம். கணக்குச் சரியாக வருகிறது. கொழும்புப் பாங்கு ரேடியோவில் வரும்போது தங்களுக்குக் கஞ்சி முடிந்துவிடும் என்று ராத்தா சிறு வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள். எனக்குத் தெரியாத விடயமல்ல. பள்ளியில் கொடுத்த நேர அட்டவணை குசினிச் சுவரிலேயே தொங்கியது. அதன்மேல் நான்தான் கைத்துணியைக் கொழுவியிருந்தேன்.

மாமி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "பாவம், நீ நோன்போட நின்டு சமைச்ச" என்று மட்டும் சொன்னார். தொழுகைப் பாயில் வழமையை விட அதிக நேரம் இருந்தார். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

அடுத்த நாள் என் கணவர் பள்ளி மௌலவியிடம் கேட்டு வந்தார். தெரியாமல் நடந்ததில் குற்றமில்லை. ஆனால் நமது ஷாபிஈ மத்ஹபின்படி அந்த ஒரு நோன்பைக் கழாச் செய்ய வேண்டும் என்றார் மௌலவி. அபூபக்ர் (ரழி) அவர்களின் மகள் அஸ்மா (ரழி) அறிவித்து ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தியையும் நினைவூட்டினாராம். நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே மேகமூட்டமான ஒரு நாளில் நோன்பு திறந்த பின் சூரியன் தென்பட்டிருக்கிறது. அதைக் கேட்டதும் மாமியின் முகம் மலர்ந்தது. "அவங்களுக்கே நடந்திருக்கு, நாம எம்மாத்திரம்" என்றார்.

அன்று பின்னேரம் மகன் கிரிக்கெட்டுக்குப் போகவில்லை. உடைந்த சாமான்களைக் கழற்றிப் பார்ப்பது அவனுடைய பொழுதுபோக்கு. அலுமாரி மேலிருந்து ரேடியோவை இறக்கி, பச்சை பிடித்த கம்பிச் சுருளை எலுமிச்சம் புளியால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்தான். பெட்டரியை நானே போய் வாங்கி வந்தேன். ஒழுங்கை முனைக் கடையில்தான் இருந்தது. போய்வரப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பெருநாள் வரை அந்த ரேடியோவும் பள்ளிப் பாங்கும் சேர்ந்தே எங்களுக்கு நோன்பு திறந்து வைத்தன.

பெருநாளைக்கு மாமியே கித்துள் கருப்பட்டியைச் சீவி வட்டிலப்பம் அவித்தார். ஷவ்வாலில் ஒரு திங்கட்கிழமை வீட்டில் எல்லாரும் சேர்ந்து அந்தக் கழா நோன்பைப் பிடித்தோம். போனில் ஊர் மாற்றியாகிவிட்டது. சுவரில் அட்டவணையை மறைக்கும் துணி இல்லை. வானமும் வெளித்திருந்தது. பள்ளிப் பாங்கு கேட்டும் யாரும் கை நீட்டவில்லை. எல்லாரும் மாமியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"திற மகள். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது."

சகோதரிகளே, கைத்தொலைபேசியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அதற்கு நாம் சொன்ன ஊர்தான் தெரியும். காத்தான்குடி என்று சொன்னோம். அது காத்தான்குடிக்குச் சரியாகத்தான் பாங்கு சொன்னது. பிழைத்தது என் "நாளைக்கு" என்ற சொல். வீட்டிலுள்ள முதியவர்கள் பெரிதாக எதையும் கேட்பதில்லை. இரண்டு பெட்டரி, ஒரு நூல் உருண்டை, பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரக் கதை. அதை நாம் அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்துவிடுகிறோம்.

உங்கள் வீட்டில் யாராவது எதையாவது இரண்டாம் முறை கேட்டிருக்கிறார்களா? இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.