மூன்றாம் வகுப்புப் பாடத்தில் தோற்ற பெரிய கடைகள்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். முக்கியமாக வெளிநாட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளும், பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களும் கடைசி வரை படிக்க வேண்டும்.

பொங்கலுக்கு என் தங்கை மகள் லண்டனிலிருந்து வந்திருந்தாள். முதல் நாள் இலையில் உட்கார்ந்தவள், பொங்கலை ஒதுக்கி வைத்துவிட்டு வெள்ளரிக்காயை மட்டும் தின்றாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் கேட்டேன். "என்னடி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் குண்டாயிட்டேன் பெரியம்மா."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பதவி உயர்வு கிடைத்த சந்தோஷத்தில், இத்தாலியின் பெரிய ஆடை நிறுவனம் ஒன்றின் பட்டு கவுனை இணையத்தில் வாங்கியிருக்கிறாள். விலையை ரூபாயில் கணக்குப் போட்டால் என் நான்கு மாத ஓய்வூதியம். அவள் பிரிட்டனில் எப்போதும் போடுவது 10ஆம் எண். பட்டியலில் இத்தாலி 42 என்றால் பிரிட்டன் 10 என்று இருந்தது. 42 வாங்கினாள். ஜிப் ஏறவில்லை. திருப்பி அனுப்ப 14 நாள் கெடு இருந்தது. அனுப்பவில்லை. ஏன் தெரியுமா? தப்பு துணியில் இல்லை, தன் இடுப்பில் என்று நம்பிவிட்டாள். பிப்ரவரியில் தோழி கல்யாணம், அதற்குள் இளைத்துவிடலாம் என்று சோற்றை நிறுத்திவிட்டாள்.

நான் ஒன்றும் பேசவில்லை. தையல் மெஷின் டிராயரிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தேன். அவள் இடுப்பு 73 செ.மீ. அவளுக்குக் கச்சிதமாக இருக்கும் பிரிட்டன் 10ஆம் எண் உடையைக் கட்டிலில் பரப்பி இடுப்பை அளந்தேன். குறுக்கே 38, இரண்டு பக்கமும் சேர்த்து 76. அந்த இத்தாலிக் கவுனைப் பரப்பி அளந்தேன். குறுக்கே 35, மொத்தம் 70. இழுவை இல்லாத பட்டு. 73 செ.மீ. இடுப்பு 70 செ.மீ. துணிக்குள் எப்படிப் போகும்? இது உடற்பயிற்சிப் பிரச்சினையா, கழித்தல் கணக்கா?

இரண்டிலும் எண் ஒன்றுதான் என்று பட்டியல் சொல்கிறது. டேப் 6 செ.மீ. வித்தியாசம் என்கிறது. நான் டேப்பைத்தான் நம்புவேன்.

என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அளவைப் பாடத்தின் முதல் நாள் ஸ்கேலைத் தரமாட்டேன். "பெஞ்சை உங்கள் கையால் சாண் போட்டு அளங்கள்" என்பேன். ஒருத்தன் 10 சாண் என்பான். இன்னொருத்தி 11 என்பாள். நான் அளந்தால் 7. வகுப்பே கத்தும், "யார் சொன்னது டீச்சர் சரி?" எல்லோரும் சரி, ஆனால் யாருடைய விடையும் அடுத்தவருக்கு உதவாது. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டும் என்று சொல்லி ஸ்கேலைக் கொடுப்பேன். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் புரிந்த பாடம் இது.

அந்தப் பாடத்தில்தான் மிலானும் பாரிஸும் இன்றுவரை தேறவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் சாணால் அளந்து ஓர் எண்ணை ஒட்டுகிறது. பெரும்பாலான பட்டியல்களில் இத்தாலி 42, பிரான்ஸ் 38, பிரிட்டன் 10, அமெரிக்கா 6 எல்லாம் ஒரே உடம்பு. லேபிளில் வெறும் 42 என்று இருந்து, அதைப் பிரான்ஸ் எண் என்று எடுத்துக்கொண்டால், அது இத்தாலியில் 46 ஆகிவிடும். இரண்டு அளவு தள்ளி! ஆஸ்திரேலியாவின் சிம்மர்மன் போன்ற நிறுவனங்கள் 0, 1, 2, 3 என்று தங்களுக்கென்று தனி எண்ணே வைத்திருக்கின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், மீட்டரை உலகத்துக்குக் கொடுத்ததே பிரான்ஸ். 1875ல் மீட்டர் உடன்படிக்கை கையெழுத்தானது பாரிஸில். அந்த ஊர்க் கடைகள் லட்ச ரூபாய்த் துணிக்குச் சாண் கணக்கு சொல்கின்றன.

ஆண்பிள்ளைகளே, உங்கள் கோட்டைப் பாருங்கள். இத்தாலியில் 50 என்றால் மார்புச் சுற்றளவு 100 செ.மீ., அதில் பாதி 50. பிரிட்டனில் 40 என்றால் 40 அங்குல மார்பு. அந்த எண்ணுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. பெண்கள் உடையில் இருக்கும் 10 எதன் 10? 6 எதன் 6? எந்த டேப்பை எங்கே வைத்தாலும் அந்த எண் வராது. ஆணுக்கு அளவைச் சொல்கிறார்கள், பெண்ணுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். மதிப்பெண் என்பதால்தான் எண் ஏறினால் அவமானமாகவும், குறைந்தால் தேறிவிட்ட மாதிரியும் இருக்கிறது.

இந்த எண்கள் விஞ்ஞானம் என்று நினைத்துவிடாதீர்கள். 1939, 1940 ஆண்டுகளில் அமெரிக்க வேளாண்மைத் துறை ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்தது. அறிக்கை 1941ல் வெளிவந்தது. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதை வைத்து 1958ல் ஒரு தரநிலை கொண்டுவந்தார்கள். அதில் 8ஆம் எண்ணுக்கு மார்பு 31 அங்குலம். உடைகள் அதற்குக் கட்டுப்படவில்லை. 1983ல் அரசே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்று அதே 8ஆம் எண்ணுக்கு அமெரிக்கக் கடைகள் பொதுவாக 35 அங்குலத்துக்கு மேல் சொல்கின்றன. வாங்குபவர் மனம் குளிர, துணியைப் பெரிதாக்கி எண்ணைச் சின்னதாக்குவது. வேனிட்டி சைசிங் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்கிற கடையில் 10 போட்டுப் பழகியவள், அப்படிச் செய்யாத கடையில் 10 வாங்கினால் அழத்தான் வேண்டியிருக்கும்.

நான் முன்பு இதைப் பற்றி இரண்டு வரி எழுதியபோது, ஆடைத் துறையில் இருக்கும் என் மாணவன் ஒருவன் மரியாதையோடுதான் மறுத்தான். "டீச்சர், ஒவ்வொரு டிசைனருக்கும் ஒரு கட் உண்டு. அது அவங்க கலை. எல்லாருக்கும் ஒரே அளவு வெச்சா ரெடிமேட் யூனிஃபார்ம் மாதிரி ஆயிடும். அதுவுமில்லாம, ஒரே மார்பளவு இருக்கிற ரெண்டு பேருக்கு இடுப்பு வேற வேறயா இருக்குமே?"

தம்பி, நீ சொன்னதில் பாதி சரி. ஒரே எண்ணில் ஓர் உடம்பை அடக்க முடியாது. அதனால்தான் நானும் சொல்கிறேன், அந்த எண்ணை விட்டுவிட்டு மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழே என்று மூன்று அளவைச் செ.மீ.யில் அச்சடிக்கட்டும். இறுக்கமாகத் தைப்பதும் தொளதொள என்று தைப்பதும் அவர்கள் கலை, நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் தைத்து முடித்த துணி எத்தனை செ.மீ. என்று சொல்வது கலை இல்லை, நாணயம். பழுத்த மாம்பழத்தை எப்படி வேண்டுமானாலும் அடுக்கட்டும், தராசு சரியாக இருக்க வேண்டாமா?

அவர்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. பாரிஸின் 'ஓத் கூத்தூர்' உடைகள் ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துத் தைப்பவை. வாடிக்கையாளரின் உடம்பு வாகுக்கே பஞ்சு வைத்துப் பொம்மை செய்து, அதன்மேல் தைத்து, கூப்பிட்டுப் போட்டுப் பார்த்துத் திருத்தித் தருகிறார்கள். ஆக, கோடீஸ்வரிக்கு டேப், சேமித்து வாங்குகிறவளுக்கு எண். உடம்பைச் செ.மீ.யில் படம் போட்டுக் காட்டும் ஈஎன் 13402 என்ற தரநிலையை ஐரோப்பா 2000களின் தொடக்கத்திலேயே வகுத்துவிட்டது. கட்டாயமில்லை என்பதால் ஏட்டில் தூங்குகிறது.

எண்ணால் வரும் கேடும் அவர்களுக்குத் தெரியும். டியோர், லூயி வித்தோன் வைத்திருக்கும் எல்விஎம்ஹெச் குழுமமும், குச்சி, சான் லோரான் வைத்திருக்கும் கெரிங் குழுமமும் 2017 செப்டம்பரில் ஒரு சாசனம் வெளியிட்டன. பிரான்ஸ் அளவில் 34க்குக் கீழே உள்ள உடைக்குப் பெண் மாடல்களைத் தேடமாட்டோம் என்று அதில் ஒப்புக்கொண்டன. மேடையில் நடப்பவள் பட்டினி கிடக்கக் கூடாது என்று புரிந்திருக்கிறது, நல்லது. வாங்குகிற என் தங்கை மகள் வெள்ளரிக்காய் தின்பது யார் கணக்கில்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாம் கேலி செய்வோம். இங்கே கூடமே கோணல். ஆடுகிறவள் தனக்கு ஆடத் தெரியவில்லை என்று அழுகிறாள்.

அந்தக் கவுனை எங்கள் தெரு டெய்லரிடம் கொண்டுபோனேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். "என்ன டீச்சர் இது, உள்ளே கால் இன்ச்கூடத் துணி விடலையே, எதைப் பிரிச்சு விடுறது?" என்றார். நம் ஊரில் சாதாரண ஜாக்கெட்டுக்கே பக்கவாட்டில் துணி விட்டு இரண்டு மூன்று தையல் போட்டுத் தருவார்கள். உடம்பு ஏறும் இறங்கும், பிள்ளை பெறும், வயசாகும் என்று தெரிந்து தைக்கிற தையல் அது. உடம்புக்கு மரியாதை கொடுக்கிற தொழில் அதுதான்.

அதற்காக விலையுயர்ந்த துணி வாங்காதே என்று சொல்ல மாட்டேன். உழைத்த காசு, ஆசைப்பட்டு வாங்குங்கள். ஆனால் இப்படி வாங்குங்கள்.

1. டெய்லருக்கு அளவு ஜாக்கெட் கொடுப்போமே, அதே வித்தைதான். உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் ஓர் உடையைத் தட்டையாகப் பரப்பி, அக்குளுக்கு அக்குள், இடுப்பு, இடுப்புக்குக் கீழ் அகன்ற இடம், தோள், நீளம் ஆகியவற்றை அளந்து போனில் எழுதி வையுங்கள். இதுதான் உங்கள் அளவு. 42 இல்லை.

2. கடைப் பட்டியலில் இருப்பது உடம்பு அளவா, துணி அளவா என்று பாருங்கள். இரண்டும் வேறு. தெரியவில்லை என்றால், தைத்த துணியின் அளவைச் செ.மீ.யில் கேட்டுக் கடைக்கு எழுதுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், காசு உங்களுடையது.

3. எண்ணுக்கு முன்னால் எந்த நாடு என்று பாருங்கள். நாடு போடாத எண்ணை நம்பாதீர்கள்.

4. எலாஸ்டேன் கலந்த துணி கொஞ்சம் இழுபடும். இழுவை இல்லாமல் நெய்த பட்டும் பருத்தியும் விட்டுக்கொடுக்காது. மூச்சுவிட, உட்கார, சாப்பிட உடம்பைவிடத் துணி இரண்டு மூன்று செ.மீ.யாவது அதிகம் இருக்க வேண்டும்.

5. உங்கள் உடம்பில் எது அகலமோ அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். மற்ற இடத்தை டெய்லர் பிடித்துத் தருவார். பிடிப்பது சுலபம், விடுவது கடினம்.

6. பார்சல் வந்த அன்றே போட்டுப் பாருங்கள். டேக்கைக் கிழிக்காதீர்கள். பொருந்தவில்லை என்றால் மறுநாளே திருப்புங்கள். 'இளைத்துவிடுவேன்' என்று ஒரு நாளும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நம் நாட்டுக்கு என்று ஓர் அளவுப் பட்டியல் தயாரிக்க, 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை அளக்கும் திட்டத்தை நிஃப்ட் நிறுவனம் 2018ல் அறிவித்தது. ஆறு நகரங்களில் அளக்கும் திட்டம் அது, நம் சென்னை அதில் இல்லை. நல்ல முயற்சி. அதற்கும் என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். முடிவில் இன்னொரு புதிர் எண்ணை ஒட்டிவிடாதீர்கள். செ.மீ.யை எழுதுங்கள்.

உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. நான்கு வருஷம் கழித்து ஊருக்கு வரும் பெண்ணை வாசலிலேயே நிறுத்தி "என்னடி இப்படி ஊதிட்டே" என்று கேட்கிறோமே, நாமும் அந்தக் கடைக்காரர்கள் மாதிரிதான். நானும் கேட்டிருக்கிறேன். இனி கேட்க மாட்டேன்.

தங்கை மகள் அன்று ராத்திரி இரண்டு தோசை சாப்பிட்டாள். கவுனை லண்டனில் ஒரு தோழிக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டாள். தோழி கல்யாணத்துக்கு எங்கள் டெய்லர் அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட்டும் என் பழைய காஞ்சிபுரம் புடவையும் கட்டிக்கொண்டு போனாள். போகும்போது என் இன்ச் டேப்பையும் பெட்டியில் போட்டுக்கொண்டாள். நான் வேறு வாங்கிக்கொண்டேன், பத்து ரூபாய்தான்.

வீட்டில் வயசுப் பெண் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர்