7,000 ஏக்கரும் 7 பேர்ச்சஸும்

அட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் வீதியில் டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வான்கள் நிற்பதுண்டு. இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதே பெயருடைய தோட்டத்தில் 1977 மே 11ஆம் திகதி சிவனு லெட்சுமணன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். காணி அபகரிப்பை நாளாந்தச் செய்தியாக வாசிக்கும் வடக்கு, கிழக்கில்கூட அந்தப் பெயரை அறிந்தவர்கள் குறைவு.

அன்று நடந்ததை விளங்கிக்கொள்ள 1972க்குப் போக வேண்டும். அந்த ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இன் திருத்தமும் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. துரைமார் போனார்கள், காணி தொழிலாளியிடம் வரவில்லை. இடையில் 1973, 74இன் பஞ்சம். தோட்டங்களைவிட்டு விரட்டப்பட்டவர்கள் நகரத் தெருக்களில் பிச்சை எடுத்த காலம் அது. அதற்குமேல்தான் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கும் திட்டம் வந்தது. தேயிலை போனால் வேலை போகும், வேலை போனால் லயன் காம்பிராவும் போகும். தொழிலாளர்கள் மறித்து நின்றது இதனால்தான்.

சிங்களக் கிராமத்தவரின் காணிப் பசி பொய்யல்ல. அவர்களது மூதாதையரின் நிலத்தையும் 1840இன் முடிக்குரிய காணிச் சட்டத்தால் பறித்தது வெள்ளைக்காரன்தான். ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்க அரசு தேர்ந்தெடுத்தது, பலருக்கு வாக்குரிமையே இல்லாத ஒரு சமூகத்தை.

லெட்சுமணன் இறந்ததும் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. அரசு திட்டத்தைக் கைவிட்டது. ஜூலைத் தேர்தலில் அந்த ஆட்சியும் போனது. நுவரெலியா – மஸ்கெலியா தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவானார். ஆனால் ஓகஸ்டில் இனக்கலவரம். அடிபட்ட தோட்டக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறின. 2009இல் முள்ளிவாய்க்கால்வரை நடந்தவர்களில் அவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். நமது இழப்புக் கதைகளில் அவர்களை ஏனோ தனியாகச் சொல்வதில்லை.

அமெரிக்காவின் லகோட்டா தலைவர் சிட்டிங் புல் 1890 டிசம்பர் 15இல் ஸ்டாண்டிங் ரொக்கில் கொல்லப்பட்டார். கைது செய்யப்போன பொலிஸார் அவரது சொந்த இனத்தவர்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த டோவ்ஸ் சட்டம், குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காணி அளந்து கொடுத்துவிட்டு, மிச்சத்தை 'உபரி' என்று குடியேற்றவாசிகளுக்குத் திறந்துவிட்டது. லகோட்டா மண்ணின் பூர்வகுடி. மலையகத்தவர் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். சிட்டிங் புல் தலைவர். லெட்சுமணன் சாதாரணத் தொழிலாளி. இந்த வேறுபாடுகளை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் யாருடைய காணி 'உபரி' என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போனது. புதிய வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்றார்கள், பிறகு 10 என்றார்கள். வீடு கட்டி முடித்த பல இடங்களில் உறுதிப்பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. மே மாதங்களில் லெட்சுமணனை நினைவுகூர்பவர்களில், பழைய லயனிலிருந்தே வருகிறவர்களும் உண்டு.